ஆய்வுக் கட்டுரையில் இணைப்புச் சொற்கள்

தேர்வுக்கு விடை எழுதுவது வேறு. ஆய்வேடு எழுதுவது வேறு. தேர்வில் நாம் எழுதப் போவதை ஆசிரியர் முன்பே அறிவார். இடையில் ஒரு படியை நாம் தாண்டிச் சென்றாலும் அவர் தாமே அதை நிரப்பிக்கொண்டு மதிப்பெண் இடுவார். ஆய்வேட்டில் நிலைமை தலைகீழானது. சோதனையைச் செய்தவர் நாம்; படிப்பவர் அதை அறியாதவர். ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்த வாக்கியத்துக்கு அவர் வழி தவறாமல் வந்து சேர வேண்டும். அந்த வழியைக் காட்டுவனவே இணைப்புச் சொற்கள். ஆனால், ஆகவே, ஏனெனில், ஆயினும், மேலும் என்னும் இச்சிறு சொற்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். வேண்டும் என்பதே என் எண்ணம்.

நான் இரசாயனத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவன். நெல்லைச் சீமையில் பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழிலேயே முடித்துவிட்டு இந்த வடநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவன். நம் சங்கத்து நண்பர்களில் என்னைப் போன்றவர் பலர் உண்டு. அவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று: "எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது, ஆகையால் என் ஆய்வேடு நன்றாக அமையாது." இந்த வாக்கியத்தில் வரும் 'ஆகையால்' சரிதானா என்பதை இக்கட்டுரையின் முடிவில் பார்ப்போம். அதற்கு முன் இச்சொற்கள் என்ன வேலை செய்கின்றன என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

தமிழ் இலக்கணம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் ஏழாவது இயல் இடையியல். இடைச்சொல் தனித்து நின்று பொருள் தராது. பெயரையும் வினையையும் சார்ந்தே நிற்கும். அப்படியிருந்தும் நம் முன்னோர் அதற்கென ஓர் இயலையே ஒதுக்கினர். 'உம்' என்னும் ஒரே இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள்களை நன்னூல் வகுத்துச் சொல்கிறது. இவ்வளவு சிறிய சொல்லுக்கு இவ்வளவு ஆராய்ச்சி ஏன்? 'அவனும் வந்தான்' என்பதற்கும் 'அவன் வந்தான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிந்தித்தால் விளங்கும். 'அவனும்' என்றவுடன் வேறொருவரும் வந்தார் என்பது சொல்லாமலே வந்துவிடுகிறது. சிறிய சொல் பெரிய செய்தியைச் சுமந்து வருகிறது. செய்தி பொய்யானால் பழி எழுதியவனுக்கே.

தமிழின் இணைப்புச் சொற்களைப் பிரித்துப் பாருங்கள். அவை பிறந்த கதை தெரியும். 'ஏனெனில்' என்பது 'ஏன் எனில்'. அதாவது, 'ஏன் என்று கேட்டால்' என்பது பொருள். கேட்பவர் யார்? படிப்பவர்தாம். 'ஆனால்' என்பது 'ஆகு' என்னும் வினையடியாகப் பிறந்த நிபந்தனைச் சொல். 'ஆயினும்' என்பதில் 'அப்படியே ஆகட்டும், இருந்தும்' என்னும் கருத்து இருக்கிறது. முன்னே சொன்னதை மறுக்காமல் ஒப்புக்கொண்டு, அதற்கு மேலும் ஒன்றைச் சொல்லும் பண்பு அச்சொல்லுக்கு உண்டு. 'எனவே' என்பது 'என' என்பதோடு ஏகாரம் சேர்ந்தது. 'இவ்வாறு சொல்லவே' என முன் சொன்னதன்மேல் அடி வைத்து நடக்கும் சொல் அது. எதிரே ஒருவர் அமர்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது போல இச்சொற்கள் எல்லாம் அமைந்திருக்கின்றன அல்லவா?

இங்கேதான் முதல் விதி பிறக்கிறது. இணைப்புச் சொல் என்பது படிப்பவரின் மனத்தில் எழும் கேள்விக்கு முன்னுரை. "ஏன்?" என்று அவர் கேட்கும் இடத்தில் 'ஏனெனில்' வரவேண்டும். "அதனால் என்ன?" என்னும் இடத்தில் 'ஆகவே' வரவேண்டும். "அப்படியானால் மற்றது எப்படி?" என்னும் இடத்தில் 'ஆனால்' வரவேண்டும். "இவ்வளவுதானா, இன்னும் உண்டா?" என்னும் இடத்தில் 'மேலும்' வரவேண்டும். எந்தக் கேள்வியும் எழாத இடத்தில் எந்த இணைப்புச் சொல்லும் வேண்டியதில்லை. வாக்கியத்தின் தலையில் பூச்சூட்டுவது போல 'மோர்ஓவர்' என்றும் 'ஃபர்தர்மோர்' என்றும் வைத்துவிட்டால் நடை உயர்ந்துவிடும் என நினைப்பது தவறு.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். உமிழ்நீரிலுள்ள நொதி மாவுப்பொருளைச் சிதைக்கும் வேகத்தைப் பல வெப்ப நிலைகளில் அளந்த மாணவர் ஒருவர் பின்வருமாறு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

"வெப்பநிலை உயர்த்தப்பட்டது. மேலும், 37 பாகை வரை வேகம் கூடியது. மேலும், 70 பாகையில் வினை ஏறக்குறைய நின்றது. ஆகவே, நொதி மீளாத மாற்றம் அடைந்தது."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, இரண்டாம் 'மேலும்' பொய் சொல்கிறது. வேகம் கூடியதும் வினை நின்றதும் ஒரே திசையில் செல்லும் செய்திகள் அல்ல; ஒன்றுக்கொன்று மாறானவை. ஆங்கே 'ஆனால்' வரவேண்டும். இரண்டாவது குறை இன்னும் பெரிது. 'ஆகவே' என்று முடித்தாரே, அந்த முடிவுக்கு ஆதாரம் எங்கே? 70 பாகையில் வினை நின்றது என்பதிலிருந்து நொதி செயலற்றது என்று சொல்லலாம். அது மீளாத மாற்றம் என்று எப்படிச் சொல்வது? குளிர்வித்தால் மீண்டும் வேலை செய்யுமோ என்னவோ! இப்பொழுது திருத்திய வடிவத்தைப் பாருங்கள்:

"37 பாகை வரை வெப்பம் கூடக்கூட வினையின் வேகமும் கூடியது. ஆனால், 70 பாகையில் வினை ஏறக்குறைய நின்றது. அக்கரைசலை மீண்டும் 37 பாகைக்குக் குளிர்வித்த பின்னும் வேகம் திரும்பவில்லை. ஆகவே, நொதி மீளாத மாற்றம் அடைந்தது எனக் கருதலாம்."

இடையில் புதிதாக வந்தது ஒரு சொல் அன்று, ஒரு சோதனை. 'ஆகவே' என்னும் சொல்லை நேர்மையோடு எழுத வேண்டுமானால் குளிர்வித்துப் பார்த்தே ஆகவேண்டும். இணைப்புச் சொல்லைப் பற்றிய கவலை ஆங்கில ஆசிரியரின் கவலை மட்டும் அன்று, சோதனைச்சாலையின் கவலையும் ஆகும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனித் தமிழ் மாணவருக்கே உரிய சில செய்திகளைச் சொல்கிறேன். தமிழில் வாக்கியங்களைக் கோப்பதற்குப் பெரிதும் உதவுவது வினையெச்சம். 'மணி அடிக்கப் பிள்ளைகள் ஓடினர்' என்பதில் 'அடிக்க' என்பது காரணம். 'உடல் தேற மருந்து உண்டான்' என்பதில் 'தேற' என்பது காரியம். 'விளக்கு எரிய உறங்கினான்' என்பதில் 'எரிய' என்பது காரணமும் அன்று, காரியமும் அன்று. இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன, அவ்வளவுதான். மூன்று உறவுகளுக்கும் வடிவம் ஒன்றே. எது என்பதைக் கேட்பவர் இடம் நோக்கி உணர்ந்துகொள்கிறார். இது தமிழின் அழகு. ஆராய்ச்சிக் கட்டுரையில் இதுவே ஆபத்து.

அந்த ஆபத்தை நம் கிராமத்து மக்கள் நன்கு அறிந்திருந்தனர். 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது' என்னும் பழமொழியைக் கேளாதவர் யார்? காக்கை உட்கார்ந்ததால் பழம் விழுந்ததா? உட்கார்ந்தபோது விழுந்ததா? 'உட்கார' என்னும் எச்சம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. அந்த மயக்கத்தில்தான் பழமொழியின் உயிரே இருக்கிறது. உடன் நிகழ்ந்ததைக் காரணம் என்று கொள்ளாதே என்று எழுத்தறியாத பாட்டியும் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். புள்ளிவிவர வகுப்பில் 'உடன்தொடர்பு வேறு, காரணம் வேறு' என்று இன்று நாம் படிப்பதும் அதுவேதான்.

ஆங்கிலத்திலும் இத்தகைய மயக்கச் சொற்கள் உண்டு. 'ஆஸ்' என்பது 'போது' என்றும் பொருள்படும். 'ஆதலால்' என்றும் பொருள்படும். 'சின்ஸ்' என்பது 'முதல்' என்றும் ஆகும். 'ஆதலால்' என்றும் ஆகும். 'வைல்' என்பது 'போது' என்றும் நிற்கும். 'இதுவோ இப்படி, அதுவோ அப்படி' என்று ஒப்பிட்டும் நிற்கும். 'சின்ஸ்' என்று தொடங்கி, விளக்கை மாற்றியதையும் அளவு உயர்ந்ததையும் சேர்த்து எழுதினால், மாற்றிய நாள் முதல் உயர்ந்ததா, மாற்றியதால் உயர்ந்ததா என்பது விளங்காது. இதற்கு நம்மிடம் ஒரு நல்ல மருந்து உண்டு. அந்த ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'மாற்றியது முதல்' என்பதா, 'மாற்றியதால்' என்பதா என்று தமிழ் உங்களைக் கேட்கும். நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். தேர்ந்தெடுத்த பின் ஆங்கிலத்தில் காரணத்துக்குப் 'பிகாஸ்' என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதிவிடலாம். ஒரு மொழியின் மயக்கத்தை மற்றொரு மொழி தெளிவிக்கும். இரு மொழி அறிந்தவனுக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு.

மற்றொரு வேறுபாடு இடத்தைப் பற்றியது. தமிழில் இணைப்பு பெரும்பாலும் வாலில் இருக்கும்: 'வெப்பம் உயர்ந்ததால்', 'வெப்பம் உயர்ந்தும்', 'வெப்பம் உயர்ந்தபோது'. ஆங்கிலத்தில் அது தலையில் இருக்கும். தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுபவர் காரணங்களையெல்லாம் நீளமாக அடுக்கிவிட்டு, இறுதியில் முடிவைச் சொல்ல முனைவதுண்டு. ஆங்கிலம் படிப்பவரோ, தாம் இப்பொழுது படிப்பது காரணமா, தடையா, ஒப்பீடா என்பதை வாக்கியத்தின் வாயிலிலேயே அறிய விரும்புகிறார். எனவே, நீண்ட அடுக்கை இரண்டு மூன்று வாக்கியங்களாக உடைத்து, ஒவ்வொன்றின் தலையிலும் உறவைக் காட்டும் சொல்லை வைப்பது நலம்.

வடநாட்டில் வாழும் நமக்கு மூன்றாவது ஒரு செய்தியும் உண்டு. இந்தியில் இணைப்புச் சொற்கள் பல இணையாகவே வரும். 'யத்யபி' என்று தொடங்கினால் 'ததாபி' என்று முடிப்பார்கள். 'சூங்கி' என்று தொடங்கினால் 'இஸ்லியே' என்று வரும். அப்பழக்கம் ஆங்கிலத்திலும் புகுந்து, 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' வருவதையும், 'சின்ஸ்' என்று தொடங்கியதன் நடுவில் 'தேர்ஃபோர்' வருவதையும் இங்கே காணலாம். ஆங்கிலத்தில் ஒன்று போதும். தமிழிலும் அவ்வாறே. 'மழை பெய்தாலும் குளம் நிறையவில்லை' என்கிறோம். 'மழை பெய்தாலும் ஆனால் குளம் நிறையவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. இந்த ஓரிடத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே வழியில் செல்கின்றன. நாம் நம் காதை நம்பினால் போதும்.

'ஹவ்எவர்' பற்றியும் ஒரு சொல். 'பட்' இரண்டு வாக்கியங்களை ஒன்றாகப் பிணைக்கும் ஆற்றல் உடையது. 'ஹவ்எவர்' என்பதற்கு அந்த ஆற்றல் இல்லை. அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். பின்னர் காற்புள்ளி வேண்டும். இரு பக்கமும் காற்புள்ளி இட்டு இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டவைப்பது பிழை. இதைப் போலவே 'ஆன் தி அதர் ஹேண்ட்' என்பது ஒப்பிடும். 'ஆன் த கான்ட்ரரி' என்பது முன்னதை மறுக்கும். முன்னதற்குப் பதிலாகப் பின்னதை எழுதினால், ஒப்பிட நினைத்தவன் மறுத்தவன் ஆகிவிடுவான்.

இச்சொற்கள் ஓர் ஆராய்ச்சியின் முதுகெலும்பாக நிற்பதைக் காண விரும்பினால், இராமன் விளைவின் வரலாற்றைப் பாருங்கள். நம்மைப் போலவே பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் வெளிமாநிலம் சென்ற தமிழர்களின் வரலாறு அது. கல்கத்தாவில், பௌபஜார் தெருவில் அன்று இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் அவர்கள் உழைத்தனர். நடந்தவற்றை என் சொற்களில் கோத்துக் காட்டுகிறேன். இணைப்புச் சொற்களை மட்டும் கவனியுங்கள்.

1923இல் சி. வி. இராமனின் மாணவர் கே. ஆர். இராமநாதன் தண்ணீரில் ஒளிச்சிதறலை ஆராய்ந்தபோது, படும் ஒளியில் இல்லாத நிறமுடைய மங்கிய ஒளி ஒன்றைக் கண்டார். அது நீரிலுள்ள மாசு தரும் ஒளிர்தலாக இருக்கலாம் என்று தோன்றியது. ஆகவே, நீர் திரும்பத் திரும்பத் தூய்மை செய்யப்பட்டது. ஆயினும், அவ்வொளி மறையவில்லை. மேலும், கே. எஸ். கிருஷ்ணன் தூய்மை செய்த வேறு பல திரவங்களிலும் அதைக் கண்டார். 1928 தொடக்கத்தில், கிளிசரினில் அவ்வொளி வலுவான தளவிளைவு உடையது என்பது வெங்கடேசுவரனின் சோதனையில் தெரிந்தது. கிருஷ்ணன் ஆராய்ந்த திரவங்களிலும் ஆவிகளிலும் அப்பண்பே தோன்றியது. சாதாரணத் திரவங்களின் ஒளிர்தலோ இவ்வாறு தளவிளைவு காட்டுவதில்லை. ஆகவே, இது ஒளிர்தல் அன்று. புதிய வகை ஒளிச்சிதறல். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைக் கருவியால் நோக்கியபோது அது தெளிவாயிற்று. 1930இல் நோபல் பரிசு வந்தது.

முதல் 'ஆகவே' ஒரு சோதனைக்கு வழி செய்தது. 'ஆயினும்' ஒரு கொள்கையை அசைத்தது. 'மேலும்' சான்றைப் பெருக்கியது. கடைசி 'ஆகவே' புதிய உண்மையை நிலைநாட்டியது. முதல் சோதனைக்கும் கடைசி முடிவுக்கும் இடையே ஏறக்குறைய ஐந்தாண்டுகள் கழிந்தன. ஒரு 'ஆகவே' எழுதுவதற்கு ஐந்தாண்டு உழைப்பு! நாமோ ஒரு பக்கத்தில் ஐந்து 'ஆகவே' எழுதிவிடுகிறோம்.

இனி, எழுதி முடித்த கட்டுரையைச் சோதிக்கும் முறைகள் மூன்றைச் சொல்கிறேன். எனக்கும் என் அறை நண்பர்களுக்கும் பயன்பட்டவை இவை.

முதலாவது, நீக்கிப் பார்த்தல். ஓர் இணைப்புச் சொல்லை அடித்துவிட்டுப் படியுங்கள். பொருளில் குறையொன்றும் தோன்றாவிட்டால் அச்சொல் வேண்டாம். 'இம்மாற்றம்', 'இவ்வேறுபாடு', 'அக்கரைசல்' என்று முன் வாக்கியத்தின் பொருளைச் சுட்டியே அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினால் இணைப்பு தானே அமைந்துவிடும்.

இரண்டாவது, அடிக்கோடிட்டுப் பார்த்தல். ஒரு பக்கத்திலுள்ள இணைப்புச் சொற்களை மட்டும் கோடிட்டு அவற்றை வரிசையாகப் படியுங்கள். 'மேலும், மேலும், அன்றியும், மேலும்' என்று வந்தால் நீங்கள் எழுதியது வாதம் அன்று, பட்டியல். முன்னோர் ஆராய்ச்சியைத் தொகுத்துரைக்கும் அதிகாரத்தில் இது மிகுதி. இன்னார் இதை ஆராய்ந்தார், மேலும் இன்னார் அதை ஆராய்ந்தார் என்பது விறகுக் கட்டு. இருவரும் ஒரே பொருளை ஆராய்ந்தனர். ஆயினும், முடிவுகள் வேறுபட்டன. ஏனெனில், ஒருவர் நீரையும் மற்றவர் சாராயத்தையும் கரைப்பானாகக் கொண்டனர். ஆகவே, கரைப்பானின் பங்கை ஆராய்வது தேவையாகிறது. இப்படி எழுதினால் உங்கள் ஆராய்ச்சி ஏன் பிறந்தது என்பது தானே விளங்கிவிடும்.

மூன்றாவது, வலிமையை அளத்தல். 'பின்னர்' என்றால் காலம் மட்டும். 'இதனோடு' என்றால் தொடர்பு மட்டும். 'இதனால்' என்றால் காரணம். 'எனக் கருத இடமுண்டு' என்றால் ஊகம். நம் சோதனை எந்தப் படி வரை நம்மை ஏற்றிவிட்டதோ அந்தப் படியிலுள்ள சொல்லை எழுதுவதே முறை. மேற்படிக்குத் தாவினால் தேர்வாளர் கீழே இறக்கிவிடுவார். அச்சத்தால் கீழ்ப்படியிலேயே நின்றுவிட்டாலோ, உழைத்துப் பெற்ற முடிவை நாமே இழந்தவர்கள் ஆவோம்.

இன்று கணிப்பொறி நிரல்கள் எழுத்துப் பிழையைத் திருத்துகின்றன. நடையையும் மெருகேற்றித் தருகின்றன. கேட்டால் வாக்கியந்தோறும் இணைப்புச் சொற்களையும் சேர்த்துத் தரும். ஆனால், சோதனைக் குழாயின் முன் நின்றது நிரல் அன்று, நாம். எது காரணம், எது உடனிகழ்ச்சி என்பதற்கு ஆய்வுக் குறிப்பேடே சான்று. ஆகையால், அது சேர்த்துத் தந்த ஒவ்வொரு 'தேர்ஃபோர்' பக்கத்திலும் நின்று, "இது என் சோதனை சொன்னதா?" என்று கேட்காமல் மேலே செல்லக்கூடாது.

இப்பொழுது முதலில் எடுத்த வாக்கியத்துக்கு வருவோம். "எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது, ஆகையால் என் ஆய்வேடு நன்றாக அமையாது." இந்த 'ஆகையால்' நிற்குமா? ஆய்வேட்டுக்கு உயிர் தருவது எதிலிருந்து எது பிறந்தது என்னும் தெளிவு. அத்தெளிவு ஆங்கிலத்தோடு பிறப்பதன்று. காக்கையையும் பனம்பழத்தையும் பிரித்துக் காட்டிய மொழியில் அதை நாம் சிறு வயதிலேயே பெற்றுவிட்டோம். ஆங்கிலத்தில் கற்க வேண்டிய இணைப்புச் சொற்கள் இருபதோ முப்பதோதான். ஒரு மாத உழைப்பில் அவற்றைக் கைக்கொள்ளலாம். உண்மையில் நாம் எழுத வேண்டிய வாக்கியம் வேறு: "எனக்கு ஆங்கிலம் இன்னும் சரளமாக வரவில்லை, ஆயினும், என் ஆய்வேட்டை நான் தெளிவாக எழுதுவேன்."

நண்பர்களே, ஆய்வேடு எழுதும் பருவம் நெருங்கிவிட்டது. இரவு விடுதியில் விளக்கைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும்போது, ஒவ்வொரு 'ஆகவே' எதிரிலும் சிறிது நேரம் பேனாவை நிறுத்துவோம். அந்தச் சொல்லுக்கு உரிய சோதனையை நாம் செய்திருந்தால் தலை நிமிர்ந்து எழுதுவோம். செய்யவில்லையென்றால் மறுநாள் காலை சோதனைச்சாலைக்குச் சென்று செய்துவிட்டு வந்து எழுதுவோம்.